பதிவேட்டில் கொத்தி

ஜம்பட்டா வீதியில் லொட்ஜ். மூன்று மாடி.
தண்ணீர் ஐந்துக்கு வரும், ஆறுக்குப் போகும்.
நான் பொனிபஸ், பதிவேடு எழுதுகிறவன்.
இரவு எட்டுக்கு முன்
எல்லாப் பெயரும் பொலிசுக்குப் போகவேண்டும்,
மூன்று பிரதி, கார்பன் தாள் வைத்து.

வவுனியா பஸ் வந்த நேரம் அவளும் வந்தாள்.
ஈரம் காயாத தலை. காலில் செருப்பில்லை,
கால் தரையில் பட்டதாகவும் தெரியவில்லை.
பெயர்?
கொத்தி.
முழுப்பெயர்?
அவ்வளவுதான், தம்பி.
பிள்ளைப்பேற்று வீட்டு முகட்டில் குந்தியிருந்து
தொப்புள்கொடி மணத்துக்கு நாக்கை நீட்டுகிற
அதே கொத்தி.

நான் பேனையைக் கீழே வைக்கவில்லை.
அந்த வருடம்
பேய்க்குப் பயப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

நிரந்தர முகவரி?
கிணற்றடிக்கு மேற்கே மூன்றாவது பனை.
தறித்துப் பங்கருக்கு மூடி போட்டிட்டாங்கள்.
வந்த நோக்கம்?
எல்லோரும் சொல்வதையே சொன்னாள்:
வெளிநாடு. ஏஜென்சிக்காரன் வரச்சொன்னவன்.

படம் எடுக்க அனுப்பினேன்.
ஸ்டூடியோக்காரன் நீலத் திரையை மட்டும்
நாலு கொப்பி கழுவிக் கொடுத்தான்.
அதையே ஒட்டினேன்.
பொலிசில் ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை.
எங்கள் முகங்களையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

பகலில் தூங்கினாள். இரவில் சந்திக்குப் போய்
மகாசோனாவோடு குந்தியிருந்தாள்.
கரடித் தலையன். முச்சந்தி அவன் ஊர்.
தனியே போகிறவன் முதுகில் அறைந்து
ஐந்து விரலையும் பதிப்பது அவன் தொழில்.
இப்போது வேலையில்லை என்று அழுதானாம்:
சென்றி வந்த நாள்முதல்
தனியே ஒருவரும் வருவதில்லை,
தப்பி வருகிறவன் முதுகிலோ
முன்னமே விரல் இருக்கிறது.

அவனுக்குத் தமிழ் தெரியாது.
அவளுக்குச் சிங்களத்தில் 'ஹரி' மட்டும்.
ஹரி, என்றாளாம். ஹரி, ஹரி.

ஐப்பசி மழை. ஊரடங்கு. கரண்ட் இல்லை.
ஒன்பதாம் அறையில் யோகமலருக்கு
நாள் இரண்டு கிழமை இருக்கவே நோவு வந்தது.
புருஷன் சுவிஸில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.
அம்புலன்ஸ்காரன் விடியட்டும் என்றான்.

கொத்தி மேல்படியில் வந்து குந்தினாள்.
கதவுக்குள் பெண்கள் வீரிட்டார்கள்.
உள்ளுக்கு வரமாட்டன், என்றாள்.
தலைமாட்டில் பாக்குவெட்டியை வையுங்கோ,
இரும்பு இருந்தால் எனக்கு ஏலாது.
வைச்சாச்சோ? இனி நான் சொல்லுறதைச் செய்யுங்கோ.
ஆயிரம் பேறு பார்த்தவள் நான்,
மேலே இருந்து.

முக்கச் சொன்னாள். மூச்சு விடச் சொன்னாள்.
கொடி சுற்றிக் கிடக்கு, இழுக்காதே,
விரலைக் கொடுத்துத் தளர்த்து என்றாள்.

அப்போதுதான் சப்பாத்துகள் ஏறி வந்தன.
முதலாம் மாடி. இரண்டாம் மாடி.
திருப்பத்தில் நின்றன.
பிறகு இறங்கின, ஏறியதைவிட மெல்ல.
ஒருவன் கையில் டோர்ச் எரிந்தபடியே
அவன் நாடியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.
படியில் யார், என்று கேட்டார் அதிகாரி.
பக்கத்தைப் புரட்டி நீலப் படத்தைக் காட்டினேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பெண் பிள்ளை அழுதது.
அவள் எச்சில் விழுங்கிய சத்தம்
கீழே மேசையில் இருந்த எனக்குக் கேட்டது.

பாயை எரியுங்கோ, என்றாள். கெதியா.
எரிக்காட்டி நான் போகமாட்டன்.
எனக்குப் போகத் தெரியாது.

மொட்டை மாடியில், கொட்டும் மழையில்,
அரைப்போத்தல் மண்ணெண்ணெயில்
எரிய மறுத்து எரிந்தது அந்தப் பாய்.

புறப்பட்ட நேரம்: காலை 4.20.
சந்தியில் கரடித் தலையன் கேட்டான்:
கொஹெத யன்னே?
சென்றிக்காரனும் அதையே கேட்டான்.
அவள் என்ன சொன்னாளோ, மழை இரைச்சல்.
போகுமிடம் என்ற கட்டம்
மூன்று பிரதியிலும் வெறுமையாய்க் கிடக்கிறது.